அரை நிமிடத்தில் ஒரு புத்தகம்

“மிஸ், ஏதாச்சும் நல்ல புக்கு குடுங்க.”

மேசைக்கு முன்னால் ஒரு பிள்ளை நிற்கிறது. பின்னால் முப்பது பேர் வரிசையில் நெளிகிறார்கள். பள்ளி நூலகருக்கு அந்தப் பிள்ளையோடு கிடைக்கும் நேரம் அரை நிமிடம். பதிவேடு எழுதுவது, அடுக்குவது, அட்டை ஒட்டுவது, இருப்புக் கணக்கெடுப்பது என்று நூலகத்தில் நடக்கும் மற்ற வேலை எல்லாமே அந்த அரை நிமிடத்துக்காகத்தான். அப்போது கை சரியான அலமாரிக்குப் போக வேண்டுமானால், அலமாரியில் இருப்பதை நூலகர் படித்திருக்க வேண்டும். பின்னட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் பரிந்துரை செய்கிறவரைப் பிள்ளைகள் இரண்டாவது முறையே கண்டுகொள்வார்கள். மூன்றாவது முறை கேட்க வரமாட்டார்கள்.

நூலகரின் வாசிப்பு என்றதும் கனமான நாவல்களும் கட்டுரைத் தொகுப்புகளும்தான் நினைவுக்கு வரும். தனக்காகப் படிக்க அவை கட்டாயம் வேண்டும். ஆனால் தொழிலுக்கான வாசிப்பு வேறு. 24 பக்கப் படப் புத்தகத்தைப் படிக்கப் பத்து நிமிடம் போதும். 64 பக்கச் சிறுவர் கதைக்கு முக்கால் மணி நேரம். 150 பக்கச் சிறுவர் நாவலுக்கு இரண்டு மாலைப் பொழுது. வாரத்துக்கு 3 புத்தகம் என்று வைத்துக்கொண்டால், பள்ளி நடக்கும் 35 வாரத்தில் நூற்றைத் தாண்டிவிடலாம். எதிலிருந்து தொடங்குவது என்ற குழப்பமே வேண்டாம். திரும்பி வரும் புத்தகங்களில் மிகவும் கசங்கிப்போனதை முதலில் எடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு எது பிடிக்கிறது என்பதை அதுதான் சொல்லும். அடுத்ததாக, தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட விழாத புத்தகத்தைப் படிக்க வேண்டும். அது மோசமான புத்தகமாக இருக்கலாம். நல்ல புத்தகமாக இருந்து, மங்கலான அட்டையால் யார் கண்ணிலும் படாமல் போயிருக்கலாம். இரண்டில் எது என்று படித்தால்தான் தெரியும்.

தனக்குப் பிடிக்காத வகையையும் படிக்க வேண்டும் என்பதுதான் இதில் கடினமான பகுதி. பேய்க்கதை பிடிக்காத நூலகரின் அலமாரியில் பேய்க்கதை குறைவாகவே இருக்கும். அப்படி இருப்பது அவருக்கே தெரியாது. மோட்டார் வண்டி, விளையாட்டு, பூச்சிகள், விடுகதை, சாதனைப் பட்டியல் எல்லாவற்றிலும் மாதத்துக்கு ஒன்றாவது படித்துவைத்தால் இந்தச் சாய்வு கொஞ்சம் சரியாகும்.

படித்தது நினைவில் நிற்காது. அதனால் ஒரு நோட்டு வேண்டும். ஒரு புத்தகத்துக்கு ஐந்து வரி போதும். முதல் வரியில் கதை எதைப் பற்றியது என்று எழுத வேண்டும், முடிவைச் சொல்லாமல். இரண்டாவது வரிக்குச் சத்தமாகப் படித்துக்காட்ட ஏற்ற பக்க எண். மூன்றாவதில், யாருக்குப் பொருந்தும் என்பது. இங்கே ‘ஆறாம் வகுப்பு’ என்று எழுதினால் பயனில்லை. ‘தம்பி தங்கையோடு ஓயாமல் சண்டை போடுகிற பிள்ளைக்கு’, ‘கதையே வேண்டாம், உண்மை நடந்ததா என்று கேட்கிற பிள்ளைக்கு’ என்று எழுதினால்தான் அரை நிமிடத்தில் கைகொடுக்கும். நான்காவது வரியில் தடைகள்: எழுத்து பொடியாக இருக்கிறது, முதல் அத்தியாயம் இழுக்கிறது, பாத்திரங்களின் பெயர்கள் ஒன்றுபோல ஒலிக்கின்றன. ஐந்தாவது வரி, இதைப் பிடித்தவருக்கு அடுத்து என்ன கொடுக்கலாம் என்பது. ஒரு ஆண்டு கழித்துப் பார்த்தால் மற்ற நான்கையும்விட இந்தக் கடைசி வரிதான் அதிகம் உதவியிருக்கும்.

இனி மேசைக்கு வருவோம். “எந்த மாதிரி புக்கு பிடிக்கும்?” என்று கேட்டால், அதிகம் படிக்காத பிள்ளையிடம் பதில் இருக்காது. தனக்கு என்ன பிடிக்கும் என்று தெரியவே நிறையப் படித்திருக்க வேண்டுமே. “கடைசியா எதை முழுசா படிச்சே?” என்று கேட்கலாம். “எதை ஆரம்பிச்சுட்டுப் பாதியில விட்டே?” என்பது இன்னும் நல்ல கேள்வி. விட்ட புத்தகம் நிறையச் சொல்லும். நீளமா, மொழியா, விஷயமா என்று உடனே பிடிபடும். புத்தகமே படித்ததில்லை என்றால், பள்ளி விட்டதும் முதலில் என்ன செய்வாய் என்று கேட்டுவிட்டு அங்கிருந்து தொடங்கலாம்.

பிறகு ஒரு புத்தகத்தை நீட்டக் கூடாது. மூன்றை எடுத்து அட்டை மேலே தெரிய மேசையில் வைக்க வேண்டும். ஒன்று, அந்தப் பிள்ளை சிரமமில்லாமல் முடித்துவிடக்கூடியது. இன்னொன்று அதன் ஆர்வத்துக்கு நேராகப் போவது. மூன்றாவது கொஞ்சம் விலகியது, எதிர்பாராதது. ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். நகர்வது மிக முக்கியம். நாம் பார்த்துக்கொண்டே நின்றால் நமக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு போய், அடுத்த வாரம் திறக்காமலே திருப்பிக் கொடுக்கும். மூன்றையும் வேண்டாம் என்று சொல்லவும் பிள்ளைக்கு இடம் இருக்க வேண்டும்.

அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க விரல் மடக்கும் முறை பல இடங்களில் வழக்கத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, புரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரல் மடக்க வேண்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் இப்போதைக்கு அது கடினம். தமிழில் இந்தக் கணக்கைக் கொஞ்சம் இறுக்கிக்கொள்வது நல்லது. நம் சொற்கள் நீளமானவை. ‘எழுந்திருக்கமுடியாமலிருந்தவனிடம்’ என்று ஒரே தொடராக அச்சிட்டிருந்தால், பழகாத பிள்ளை சொல்லின் கடைசிக்கு வருவதற்குள் தொடக்கத்தை மறந்துவிடும். எழுத்துக் கூட்டும் வேலையிலேயே கவனம் தீர்ந்துபோகும், பொருளுக்கு மிச்சம் இருக்காது. அதனால் மூன்று விரல் மடங்கினாலே இன்னொரு புத்தகத்தையும் கூடக் கொடுத்தனுப்புவது பாதுகாப்பு. தொடக்க வாசகர்களுக்கு வாங்கும்போது சொற்களைப் பிரித்து அச்சிட்டிருக்கிறார்களா, வரிகளுக்கிடையே இடம் விட்டிருக்கிறார்களா என்று பார்த்து வாங்க வேண்டும். கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் நெருக்கி அச்சடித்த பக்கம் எட்டு வயதுப் பிள்ளையைத் துரத்திவிடும்.

தமிழ் வாசிப்பில் இன்னொரு தடை கண்ணுக்குத் தெரியாதது. பிள்ளை ‘வந்துட்டாங்க’ என்று பேசுகிறது. புத்தகம் ‘வந்துவிட்டார்கள்’ என்கிறது. எழுத்தெல்லாம் தெரிந்தும் பக்கம் அந்நியமாக ஒலிக்கும். 1986-இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கலாகச் சொன்னார்கள்: எழுத்தைப் படிக்கும் திறனை, கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் வருவது படித்துப் புரிந்துகொள்ளும் திறன். பெருக்கல் என்பதால் இரண்டில் ஒன்று பூஜ்யமானாலும் விடை பூஜ்யம்தான். நம் வகுப்புகளில் முதல் பாதிக்கே நேரமெல்லாம் போய்விடுகிறது. இரண்டாவது பாதி, அதாவது எழுத்துத்தமிழைக் காதால் கேட்டுப் பழகுவது, நூலகத்தில்தான் நடக்க முடியும். அதற்கு வழி சத்தமாகப் படித்துக்காட்டுவது. உரையாடல்கள் பேச்சுத்தமிழில் வரும் கதைகள் நல்ல பாலம். ‘கொச்சை’ என்று அவற்றை ஒதுக்கிவிடக் கூடாது.

படித்துக்காட்டுவதற்கு 40 நிமிடப் பாடவேளையில் முதல் 10 நிமிடத்தை ஒதுக்க வேண்டும். கடைசிக்குத் தள்ளினால் அது நடக்கவே நடக்காது. முந்தைய நாளே ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். மௌனமாகப் படிக்கும்போது அழகாக இருந்த வாக்கியம் வாயில் சிக்கும். நிறுத்தப்போகும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். கதவு திறக்கும் இடத்தில், கடிதம் பிரியும் இடத்தில், முடிச்சு அவிழ்வதற்கு ஒரு வரி முன்னால். படப் புத்தகமானால் உடலுக்குப் பக்கவாட்டில், உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் கண் மட்டத்தில் பிடித்து, கீழ் ஓரத்திலிருந்து பக்கம் திருப்ப வேண்டும். சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் படம் இருட்டாகத் தெரியும், பிள்ளைகளின் கண் கூசும். 40 பேர் உள்ள வகுப்பில் பின்வரிசைக்குச் சின்னப் படங்கள் தெரியாது. பெரிய படம் உள்ள புத்தகத்தைத் தேர்வதும் எல்லாரையும் தரையில் அரைவட்டமாக நெருக்கி உட்கார வைப்பதும் உதவும்.

இதைக் கெடுப்பவை பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு செய்பவைதான். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல் மாற்றி நடித்தால் பிள்ளைகள் நம்மைப் பார்ப்பார்கள், கதையை விட்டுவிடுவார்கள். நடுவில் கேள்வி கேட்டால் அது பாடமாகிவிடும். “இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?” என்ற கேள்வியை நூலகத்தின் வாசலிலேயே விட்டுவிட வேண்டும். இந்த ஒரு கேள்வி எத்தனை நல்ல கதைகளை மதிப்பெண் கேள்வியாக்கிவிட்டது என்பதை நினைத்தால் மனது வலிக்கிறது. படித்து நிறுத்தியதும் பத்துப் பேர் அந்தப் புத்தகத்தைக் கேட்பார்கள், நம்மிடம் இருப்பது ஒரு பிரதி. பெயர் எழுதிவைக்கும் காத்திருப்புப் பட்டியலையும், அதே சாயலில் நான்கைந்து புத்தகங்களையும் முன்னாலேயே எடுத்து வைத்திருக்க வேண்டும். அந்த ஆசை அடுத்த வாரம்வரை தாங்காது.

மீதி 30 நிமிடத்தைக் கணக்குப் போட்டுத்தான் காப்பாற்ற முடியும். ஒரு பிள்ளைக்குத் திரும்பப் பெற 20 விநாடி, வழங்க 20 விநாடி என்றால் 40 பேருக்கு ஏறக்குறைய 27 நிமிடம். அதாவது படிக்க 3 நிமிடம்தான் மிஞ்சும். அதனால் திருப்பித் தருவதைப் பாடவேளைக்கு வெளியே தள்ள வேண்டும். காலையில் வாசலில் ஒரு பெட்டி வைத்தால் போட்டுவிட்டுப் போவார்கள். வழங்கும்போது எட்டு எட்டுப் பேராக அலமாரிக்கு அனுப்பலாம், மற்றவர்கள் படித்துக்கொண்டிருப்பார்கள். தேதி முத்திரை குத்த இரண்டு மாணவர்கள் போதும். அந்தப் பொறுப்பை நன்றாகப் படிக்கிறவர்களுக்கே கொடுக்காமல், புத்தகப் பக்கமே வராதவர்களுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஐம்பது அட்டைகள் கையில் புரளும்போது ஒன்றிலாவது கண் நிற்கும்.

மௌன வாசிப்பை 15 நிமிடத்தில் தொடங்கினால் சின்னப் பிள்ளைகளால் தாங்க முடியாது. 5 நிமிடத்தில் தொடங்கி வாரம் ஒரு நிமிடம் கூட்டலாம். உதடு அசைத்துப் படிப்பதையும் விரல் வைத்துப் படிப்பதையும் தடுக்க வேண்டாம். பழகப் பழகத் தானே நின்றுவிடும். அந்த நேரத்தில் நூலகர் பதிவேட்டை எடுக்கக் கூடாது. அவரும் உட்கார்ந்து, தனக்குப் பிடித்த புத்தகத்தைப் படிக்க வேண்டும். சொல்வதைவிடச் செய்வதைப் பிள்ளைகள் கூர்ந்து பார்க்கிறார்கள்.

அலமாரி விஷயம். முதுகு மட்டும் தெரியும் புத்தகம் பெரியவர்களுக்கானது. பிள்ளைகள் அட்டையைப் பார்த்து எடுப்பவர்கள். ஒவ்வொரு தட்டையும் முக்கால் பங்கு மட்டும் நிரப்பி, மீதி இடத்தில் ஒன்றிரண்டை முகம் தெரிய நிறுத்த வேண்டும். வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். முட்ட முட்ட அடுக்கினால் பிள்ளைகள் முதுகின் மேல் நுனியில் விரல் கொக்கி போட்டு இழுப்பார்கள், அங்கேதான் கிழியும். இரண்டு பக்கப் புத்தகங்களையும் சற்று உள்ளே தள்ளி, நடுமுதுகைப் பிடித்து எடுக்கச் சொல்லித்தர வேண்டும். சின்ன வகுப்புகளுக்கு 120 செ.மீ. உயரத்துக்கு மேல் எதையும் வைப்பதில் பயனில்லை.

அமெரிக்க நூலகர் மெல்வில் டியூயி 1876-இல் வெளியிட்ட, நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் பத்துப் பெரும்பிரிவு முறை தகவல் நூல்களுக்கு இன்றும் நன்றாக உதவுகிறது. 500 அறிவியல், 600 தொழில்நுட்பம், 900 வரலாறும் புவியியலும். ஆனால் பத்து வயதுப் பிள்ளை எண்ணைத் தேடி வருவதில்லை. 523 என்று எழுதிய இடத்தில் பக்கத்திலேயே ‘வானம், நட்சத்திரம்’ என்றும், 567 இருக்கும் இடத்தில் ‘டைனோசர்’ என்றும், 796-இல் ‘விளையாட்டு’ என்றும் படத்தோடு எழுதிவைக்க வேண்டும். கதைப் புத்தகங்களை ஆசிரியர் பெயர் வரிசையில் அடுக்குவதைவிடச் சிரிப்பு, துப்பறிதல், விலங்கு, பேய் என்று நிறப்பட்டை ஒட்டிப் பிரிப்பது தொடக்க வகுப்புகளுக்கு நல்லது. கணித ஆசிரியராக இருந்து நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. பிள்ளைகளின் பொறுமை சில நிமிடங்கள்தான் என்பதால் பள்ளி நூலகத்தில் இந்த விதி இன்னும் கறாராகப் பொருந்தும். முதல் விதி, நூல்கள் பயன்படுத்தவே என்பது. பூட்டிய பீரோவைப் பார்க்கும்போதெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தொலைந்தால் தன் தலையில் விழுமே என்று நூலகர் பயப்படுவதில் நியாயம் உண்டு. அந்தப் பயத்தைப் போக்க வேண்டியது பள்ளி நிர்வாகம். ஆண்டுக்கு இத்தனை புத்தகம் தேய்ந்தும் தொலைந்தும் போகும் என்று முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொண்டால் பீரோ திறக்கும்.

புத்தகத்தின் முதுகில் வகுப்பு எண் ஒட்ட வேண்டாம். எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டு இரண்டாம் வகுப்பு அளவில் வாசிக்கும் பிள்ளைக்கு அந்த எண் ஒரு அவமானம். அப்படிப்பட்ட பிள்ளைக்குக் குட்டி முயல் கதையைக் கொடுத்தால் நண்பர்கள் முன் அதைத் தொடவே தொடாது. மெல்லிய புத்தகமாக, எளிய வாக்கியங்களோடு, ஆனால் வயதுக்கேற்ற விஷயத்தோடு தேட வேண்டும்: எரிமலை, கப்பல் விபத்து, விளையாட்டு வீரரின் வாழ்க்கை, படக்கதை. படக்கதை வாசிப்பு ஆகாது என்று சொல்லும் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் நூலகர் பொறுமையாகப் பேசித்தான் ஆக வேண்டும். கட்டத்திலிருந்து கட்டத்துக்குத் தாவும்போது நடுவில் நடந்ததைப் பிள்ளையே ஊகிக்கிறது. வாசிப்பில் பாதி ஊகம்தான். ஒரே புத்தகத்தை ஐந்தாவது முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும்.

பழைய புத்தகங்களைக் கழிக்க மனம் வராது. ஆனாலும் கழிக்க வேண்டும். 2006-இல் புளூட்டோ குறுங்கோள் ஆனது. ஒன்பது கோள்கள் என்று சொல்லும் அறிவியல் நூல் அலமாரியில் இருக்கும்வரை தவறான செய்தியை நாமே வழங்கிக்கொண்டிருக்கிறோம். ஐந்தாண்டாக யாரும் எடுக்காத கதையை இரண்டு மாதம் முகம் தெரிய வைத்துப் பார்த்து, அப்போதும் யாரும் தொடாவிட்டால் எடுத்துவிடலாம். பழுது பார்க்கச் செல்லோ டேப் வேண்டாம்; சில ஆண்டில் மஞ்சளாகி, பிசுபிசுத்து, பக்கத்துத் தாளையும் கெடுக்கும். கழன்ற தாளின் உள் ஓரத்தில் 3 மி.மீ. அகலத்துக்கு மட்டும் வெள்ளைப் பசை தடவி, சரியாகப் பொருத்தி, இரு பக்கமும் மெழுகுத்தாள் வைத்து, ஓர் இரவு பாரத்தின் கீழ் வைத்தால் போதும். அட்டை ஆடினால் பின்னல் ஊசியைப் பசையில் தோய்த்து, முதுகுக்கும் தாள்கட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் விட்டு உருட்டலாம்.

பரிசைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதிகம் படித்தவருக்குப் பரிசு என்று அறிவித்த மறுநாளே நூலகத்தில் மெல்லிய புத்தகங்கள் தீர்ந்துவிடும். தடித்த நாவலைப் பாதி படித்துக்கொண்டிருந்த பிள்ளை அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எட்டுப் பக்கப் புத்தகமாக எடுக்கும். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு புகழ்பெற்றது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்பே சொன்னார்கள். பிறகு சும்மா விளையாடும் நேரத்தில் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவான நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் கிடைத்தவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. வாசிப்புக்கும் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால், புதிதாக வந்த புத்தகக் கட்டை முதலில் பிரிக்கும் உரிமையைக் கொடுக்கலாம்.

அபராதமும் இப்படித்தான். சின்னத் தொகையாக இருந்தாலும், கட்ட முடியாத பிள்ளை நூலகத்தின் பக்கம் தலைகாட்டாது. புத்தகத்தோடு வாசகரையும் இழப்போம். தாமதமானால் புத்தகம் திரும்பும்வரை அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம் என்று விட்டுவிடுவது போதும். தொலைந்தால், அடுத்த ஒரு மாதம் வாரம் ஒருநாள் அலமாரி அடுக்கித் தரச் சொல்லலாம்.

வழங்கிய எண்ணிக்கையை வைத்து ஒரு நூலகம் நன்றாக நடக்கிறதா என்று சொல்ல முடியாது. எடுத்த புத்தகம் பையிலேயே ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பலாம். பார்க்க வேண்டிய அறிகுறிகள் வேறு. தொடரின் இரண்டாம் பாகத்தைத் தேடி வருகிறார்களா? ஒருவர் திருப்பும் புத்தகத்தை அடுத்தவர் மேசையிலிருந்தே பறிக்கிறாரா? உணவு இடைவேளையில் சொல்லாமல் கொள்ளாமல் எத்தனை பேர் வருகிறார்கள்?

பாதியில் நிறுத்திய புத்தகத்தோடு வரும் பிள்ளையிடம் குற்றம் கேட்பது போல எதையும் கேட்க வேண்டாம். “எந்தப் பக்கத்துல நிறுத்தினே?” என்பது மட்டும் போதும். அந்தப் பக்க எண்ணை நோட்டில் நான்காவது வரிக்குப் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். மூன்று பேர் ஒரே இடத்தில் நிறுத்தியிருந்தால் சிக்கல் பிள்ளைகளிடம் இல்லை, அந்த அத்தியாயத்தில் இருக்கிறது. அடுத்து அதை எடுப்பவரிடம், “முதல் பன்னெண்டு பக்கம் மெதுவாத்தான் போகும், அப்புறம் படகு கவுந்துடும், அதுவரைக்கும் பொறுத்துக்கோ” என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். நிறுத்திய பிள்ளைக்கு, வேறு மூன்று புத்தகங்களை எடுத்து அட்டை மேலே தெரிய மேசையில் வைத்துவிட்டு, வரிசையில் அடுத்து நிற்கும் பிள்ளையிடம் நகர வேண்டும்.